தொட்டுப் பார்க்கிற மலை

மலைநாட்டிலேயே விரலால் தடவிப் பார்க்கிற படத்தை முதன்முதலாகப் போட்டவன் நான்தான். அக்ரிலிக் பெயிண்ட் என்ற சாமானை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவனும் நான்தான்.

இரண்டும் பொய். பெயிண்டைக் கொண்டுவந்தவர் எங்கள் தோட்டத்தை நடத்துகிற துரையின் சம்சாரம், துரைசாணி. தடவிப் பார்க்கிற படமும் அவர்தான் முதலில் போட்டார். பங்களாக் கூரைக்குச் சிவப்புப் பூச ஏறிய ஒருத்தன், இறங்குகிற நேரத்தில் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து அந்த வித்தையைக் களவாடிக்கொண்டான். அந்தக் கூரைக்காரன் நான். அதற்கு மேல் நானாகச் சேர்த்தது ஒரே ஒரு சாமான். அதையும் களவாடித்தான் சேர்த்தேன்.

போன வாரம், கோயில் புலி வாகனத்துக்குச் சிங்கத்தின் பிடரி மயிரை வைத்து நான் உதை வாங்கிய கதையை எழுதினேன். நிறையப் பேர் சிரித்ததாகப் பத்திரிகை ஆசிரியர் சொன்னார். இந்த வாரம் அவ்வளவு சிரிப்பு வராது. வந்தால் அது உங்கள் குற்றமில்லை, என்னுடைய பழக்கதோஷம்.

எண்பதுகளின் தொடக்கம். சரியான வருஷம் கேட்காதீர்கள். என் கல்யாணம் நடந்த வருஷத்தையே சம்சாரத்திடம் கேட்டுத்தான் சொல்வேன்.

வட்டவளைக்கும் றொசல்லவுக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேலே எங்கள் தோட்டம். அன்றைக்குக் காலையிலேயே தூறல். தோட்டத்து ஆபீஸ் சுவரில் என் படத்தை மாட்டியாகிவிட்டது. கதவு அகலம் இருக்கும். அடியில் ரயில் பாதை, உச்சியில் பனி, நடுவில் முழுக்கத் தேயிலை. மலை சும்மா தட்டையாகக் கிடக்கவில்லை. பலகையை விட்டு அரை விரல் கனத்துக்கு எழும்பி, சொரசொரவென்று செடி செடியாக நின்றது.

துரை கையை நீட்டி மலையைத் தடவினார். அவர் சிங்களவர். நல்ல மனுஷன், ஆனால் தமிழைக் கல்லும் முள்ளுமாகத்தான் பேசுவார்.

"மேக்க மொகக்த? இது என்னா போட்டது?"

"மண்ணுங்க தொரை. நம்ம நாலாம் நம்பர் மலை மண்ணு. சலிச்சு எடுத்துப் போட்டேனுங்க."

"நம்ம மண்ணு!" துரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா கிளாக்கர்? நம்ம மண்ணு!"

பெரிய கிளாக்கர் ஐயா கை தட்டினார். அவர் தட்டியதால் சின்னக் கிளாக்கர் தட்டினார். நான் தலையைச் சொறிந்துகொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி நெளிந்தேன்.

ஆபீஸ் வெளி விறாந்தையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். பிலோமினா அக்கா. பத்து நாளாகத் தினமும் காலையில் வந்து, "தொரையப் பாக்கணுமுங்க" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் வரைக்கும் நின்றுவிட்டுப் போவார். அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். தேயிலைத் தூள் திருடியதாகக் குற்றம்.

அந்தத் தூள்தான் சுவரில் மலையாக ஒட்டியிருந்தது. அது எனக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது.

பெட்டிக்கு மார்க் அடிப்பவன்

நான் யார், எனக்கு எதற்குத் தூள் என்று கேட்பீர்கள்.

பள்ளிக்கூடம் என்று நான் போனது இரண்டு நாள். முதல் நாள் சிலேட்டுப் பலகை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் பலகையோடு போனேன், வாத்தியார் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. ஆகக் கல்வியும் நானும் சந்தித்துக்கொள்ளவேயில்லை. யார் மேலும் தப்பில்லை.

பிறகு தேயிலை ஸ்டோரில் வேலை கிடைத்தது. ஸ்டோர் என்றால் கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற பேக்டரிதான். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே தூள் நிரப்பிய பெட்டிகளின் மேல் தகட்டு அச்சை வைத்துக் கறுப்பு மை தட்டுகிற வேலை எனக்கு. தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், எடை. அந்த அச்சைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஸ் எழுத்துப் பழகினேன். தமிழ் எழுத்தைக் கோயில் நோட்டீஸிலும் மாதா கோயில் அறிவிப்புப் பலகையிலும் பழகினேன். அதனால் என் தமிழில் பாதி சாமி கும்பிடும், பாதி ஜெபம் பண்ணும்.

எழுத்துப் பழகியதும் போர்டு எழுதக் கூப்பிட்டார்கள். போர்டு எழுதியதும் படமும் போடுவேன் என்று நானே கிளப்பிவிட்டேன். அப்படித்தான் பெயிண்டர் ஆனேன். வாயால் ஆனவன்.

துரைசாணியின் டியூப்

துரைசாணி கொழும்புக்காரர். பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். பங்களாவில் மழையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்ப் படம் போட ஆரம்பித்திருந்தார். ஜன்னலில் என் தலையைப் பார்த்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே கூப்பிட்டார்.

அவர் பெயிண்டைத் தூரிகையால் பூசவில்லை. ரொட்டிக்கு மாசிச் சம்பலை அப்புவது போலக் கத்தியால் அப்பினார். அதன்மேல் சீப்பை இழுத்தார். கோடு கோடாக நின்றது. சாக்குத் துணியை அமுக்கி எடுத்தார். கல்லு மாதிரி சொரசொரப்பு வந்தது.

"காயட்டும்" என்றார். "காய்ஞ்ச பெறகு மறுபடி. அவசரம் இல்ல."

தொழில் ரகசியம் அவ்வளவுதான். ஒரு பூச்சுக் காய்ந்தபிறகு அடுத்தது. ஈரத்தின்மேல் ஈரத்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து தோலாக உரிந்துவரும். இந்தப் பெயிண்ட் ஈரமாக இருக்கும்வரைக்கும் தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்துவிட்டால் ரப்பர். கடவுளே வந்து கழுவினாலும் போகாது. இதை நான் கற்றுக்கொள்வதற்குள் இரண்டு தூரிகை விறகாகிவிட்டது, ஒரு சட்டை விறைத்துப்போய், ஆள் இல்லாமலே நின்றது. அட்டை கடித்த இடத்தில் வெள்ளையைக் கொஞ்சம் தடவிப் பார்த்தேன். காய்ந்ததும் தோலாக உரிந்தது. பாம்பு மாதிரிச் சட்டை கழற்றுகிறேன் என்று நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டில், லயத்தில், எல்லோருக்கும் காட்டினேன். இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

அந்த வருஷக் கடைசியில் துரைசாணி மழை தாங்காமல் கொழும்புக்கே போய்விட்டார். போகும்போது பாதி பாதியாக நசுங்கிய டியூப்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் தந்தார்.

அவர் போனபிறகு துரை என்னைக் கூப்பிட்டு, "ஆபீசுக்கு ஒரு படம் போடு. பெரிசா. நம்ம மலை" என்றார். நன்றாக வந்தால் செக்ரோலில் என்னைப் பெயிண்டர் என்றே ஏற்றிவிடுவதாகவும் சொன்னார். செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் பெயர்ப் புத்தகம். அதில் பெயிண்டர் என்று வந்துவிட்டால் ஸ்டோர் தூசியில் இருமிக்கொண்டு கிடக்க வேண்டாம். என் அப்பா அந்தத் தூசியில்தான் இருமியே போனார்.

எலி தின்ற மலை

பலகைக்கு அலையவில்லை. தேயிலைப் பெட்டியின் பக்கப் பலகை நாலைச் சேர்த்து ஆணி அடித்தேன். டியூப் சின்னது, மலை பெரிசு. அதனால் சீமைச்சுண்ணாம்புப் பொடியையும் மரவேலைப் பசையையும் குழைத்து, வெள்ளைப் பெயிண்டோடு சேர்த்துக் கூழாக்கினேன். உடைந்த ரம்பத்தின் அலகால் மலையை அப்பினேன். தண்ணீர்க் கான் ஓடுகிற இடத்தை ஆணியால் கீறினேன். தூரத்துப் பாறைக்குச் சாக்கை அமுக்கினேன்.

எல்லாம் வந்தது. தேயிலைச் செடி மட்டும் வரவில்லை.

தேயிலை மலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பாய் விரித்த மாதிரி வழவழப்பு. கிட்டே போனால் ஒவ்வொரு செடியும் முள்ளம்பன்றி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

கீழே ஓடுகிற ஓயாவின் மணலைக் கலந்து பார்த்தேன். பாரம் தாங்காமல் காலையில் பார்த்தால் மலை முழுவதும் ரயில் பாதைமேல் சரிந்து கிடந்தது. மரத்தூளைக் கலந்தேன். ஊறி உப்பி, மலைக்கு அம்மை போட்டுவிட்டது. ரொட்டி மாவைப் பிசைந்து போட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக எலி பாதி மலையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. தோட்டத்தைத் துரைமார் சாப்பிடுகிறார்கள் என்று எங்கள் தொழிற்சங்கத் தலைவர் மேடையில் பேசுவார். எலி சாப்பிட்டதை நான்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் ஒருநாள், ஸ்டோர் வேலை முடிந்து வந்து சாரத்தை உதறும்போது மடிப்பில் கிடந்த கொஞ்சம் தூள் ஈரப் பெயிண்டில் விழுந்தது.

கறுத்து, முறுக்கி, உடைத்த மிளகு மாதிரி. ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக வெளிச்சத்தைப் பிடித்தது. காய்ந்தபிறகு அதன்மேல் பச்சையைத் தொட்டும் தொடாமலும் இழுத்தேன். மேடெல்லாம் பச்சையானது. பள்ளமெல்லாம் கறுப்பாகவே நின்றது. அப்படியே எங்கள் நாலாம் நம்பர் மலை. மழை பெய்து விட்ட நேரத்து மலை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இது பொய்யில்லை.

கப்பலேறுகிற தூள்

எல்லாத் தூளும் சரிவராது என்பதுதான் கேடு. எங்களுக்கு வீட்டுக்குத் தருகிற தூளைப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் மாதிரி. மலை எரிந்துபோன மாதிரி இருந்தது. சல்லடையில் பறக்கிற பஞ்சைப் போட்டேன். பூசணம். சரியாக வந்தது பி.ஓ.பி. என்று பெட்டியில் நான் மார்க் அடிக்கிற ரகம் மட்டும்தான். அது கப்பலேறிப் போகிற தூள். அதில் ஒரு கோப்பை தேத்தண்ணி எங்கள் லயத்தில் யாரும் குடித்ததில்லை. அதை நான் பலகைக்கு அப்பப் போகிறேன்.

வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் வாச்சர் நின்று ஆண்களைத் தடவிப் பார்ப்பார். தலைப்பாகையை உதறச் சொல்வார். பெண்களைத் தொடமாட்டார். அவர்கள் சாப்பாட்டுச் சட்டியைத் திறந்து காட்டினால் போதும்.

பிலோமினா அக்கா ஸ்டோரில் தூள் பொறுக்குகிறவர். தூளில் கிடக்கிற காம்பையும் நாரையும் விரலால் எடுத்துப் போடுகிற வேலை. பதினைந்து வருஷமாகச் செய்தவர். புருஷன் இல்லை, ஒரு மகள். எங்கள் லயத்திலேயே மூன்றாவது காம்பராவில் குடியிருந்தார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் புலி வாகனத்துக்கு உதை வாங்கிய அன்று எனக்கு எண்ணெய் தடவி விட்டவர் அவர்தான். தடவிக்கொண்டே, "புலிக்கு மயிரு வெச்சவன் ஒன் மண்டைக்குக் கொஞ்சம் மூள வெச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டவரும் அவர்தான்.

பெண்களின் கம்பளிகள் ஸ்டோர் விறாந்தையில் ஆணியில் தொங்கும். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற கனத்த கறுப்புத் துணி. அக்கா தன் கம்பளியை எப்போதும் மூன்றாக மடித்துத் தொங்கவிடுவார்.

நான் ஒரு கை அளவு தூளைப் பெட்டிக்குள் விரிக்கிற வெள்ளித் தாளில் மடித்து, அந்த மடிப்புக்குள் வைத்து ஊசி குத்திவிடுவேன். அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாச்சரைத் தாண்டிப் போவார். வளைவு திரும்பியதும் நான் ஓடிப்போய், "குடுங்கக்கா, கனமா இருக்கும், நான் தூக்கிட்டு வாறேன்" என்பேன்.

"என்னா தம்பி, இன்னைக்கு மரியாத மழையாக் கொட்டுது?" என்பார். ஆனால் கொடுத்துவிடுவார். ஒருநாள், "ஒன்னப் பெத்தவ புண்ணியவதிடா" என்று சொன்னார். நான் அப்போது கம்பளிக்குள் விரலை விட்டு ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஐந்து தடவை அப்படி. ஐந்து பொட்டலத்தில் முக்கால் மலை முடிந்தது.

வாசலில் பெய்த மழை

ஆறாவது தடவை, வாசலுக்குக் கிட்டே வந்ததும் மழை கொட்டியது. எங்கள் மழை சொல்லிக்கொண்டு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து நனைந்தவன். ஆனாலும் அதை யோசிக்கவில்லை.

அக்கா கம்பளியைத் தலைக்குப் போட ஒரே உதறாக உதறினார். வெள்ளிப் பொட்டலம் வாச்சரின் காலடியில் விழுந்து பிரிந்தது. கறுகறுவென்று தூள்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். நான் மூன்று ஆள் பின்னால்.

"என்னா இது பிலோமினா?" என்றார் வாச்சர்.

"எனக்குத் தெரியாதுங்க. இது என்னுது இல்லீங்க."

"ஒன் கம்பளியிலருந்துதானே விழுந்துச்சு?"

"மாதா மேல ஆணையாத் தெரியாதுங்க."

அக்கா திரும்பி வரிசையைப் பார்த்தார். யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று பார்க்கிற பார்வை. அது என்மேல் வந்து நின்றது. ஏனென்றால் அந்த வரிசையில் வாய் உள்ளவன் நான்தான்.

எனக்குப் பயம். பயந்தால் நான் என்ன செய்வேன் என்று இத்தனை வாரம் வாசித்த உங்களுக்குத் தெரியும்.

"ஏன்க்கா," என்றேன் சத்தமாக, "கம்பளிக்கும் தேத்தண்ணி ஊத்திக் குடுக்குறீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. வாச்சரும் சிரித்தார். மழைச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள்.

அந்த வெள்ளித் தாள் கிடைக்கிற ஒரே இடம் பெட்டி கட்டுகிற அறை. அங்கே வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தன் நான். யாருக்கும் அது தோன்றவில்லை. சிரிக்கிறவனுக்கு யோசிக்க நேரமிருக்காது. நான் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்கு மறுநாள் லயத்துப் பிள்ளைகள் அவர் மகளைப் பார்த்து, "கம்பளித் தேத்தண்ணி" என்று கத்தியதைக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பகிடிகளில் அதிக நாள் உயிரோடு இருந்தது அதுதான்.

நாலாம் நம்பர் மண்

தூள் எட்டாத மீதிக் கால் மலையைப் பனி வெள்ளையால் மூடிவிட்டேன். இப்போது ஆபீசுக்குத் திரும்புவோம். துரை மலையைத் தடவி முடித்து உள் அறைக்குப் போனார். அங்கே தொழிற்சங்கத் தலைவர் காத்துக்கொண்டிருந்தார், அக்கா விஷயமாகத்தான். பெரிய கிளாக்கர் ஐயா விறாந்தையைப் பார்த்து, "பிலோமினா, உள்ள வந்து நில்லு. கூப்புடுவாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரும் உள்ளே போனார். சின்னக் கிளாக்கர் தபால் எடுக்கப் போனார்.

அக்கா வந்து நின்ற இடம் என் படத்துக்கு முன்னால்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார். பத்து நாளில் கன்னம் ஒட்டியிருந்தது. "நம்ம மலையேதான்." சொல்லிவிட்டு, எல்லோரையும் போல அவரும் கையை நீட்டி மலையைத் தொட்டார்.

தொட்ட விரல் நகரவில்லை.

பதினைந்து வருஷம் தூளை விரலால் பார்த்தவர் அவர். கரண்ட் போன நேரத்திலும் பொறுக்குவார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மெல்லத் தேய்த்தார். பலகை ஓரத்தில் சரியாக ஒட்டாமல் ஒரு துணுக்கு வந்தது. அதை முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

"தம்பி. இது எந்த மலை மண்ணு?"

"நாலாம் நம்பர்க்கா."

"நாலாம் நம்பர்ல இப்ப பி.ஓ.பி. மண்ணா வெளையுதா?"

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வர வேண்டிய நேரத்தில் வராது.

"கம்பளியத் தூக்குறேன், தூக்குறேன்னு பின்னாலயே ஓடியாந்தியே," என்றார். சத்தமே இல்லை. "அதுக்குத்தானாடா?"

"அக்கா..."

"அழுவாத. எம் முன்னுக்கு அழுவாத. உள்ள போ. நீயே சொல்லு. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. இன்னும் ஒரு களவாணிப் பேச்சும்பாங்க. நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். எம் பேரு எனக்கு வந்துரும். போ தம்பி."

தம்பி என்றார். கடைசியாக.

நான் எழுதிய கடிதம்

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சொல்லத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உள்ளே பேச்சு முடிந்திருந்தது. தலைவர் வாதாடி, ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். அக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தோட்டத்தை விட்டு அனுப்பமாட்டார்கள். ஆனால் ஸ்டோர் வேலை கிடையாது. மலையில் கொழுந்து எடுக்கப் போக வேண்டும்.

என்னைப் பார்த்ததும் பெரிய கிளாக்கர் ஐயா, "அட, ஆளே வந்துட்டான்" என்றார். "இவன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும் தலைவர். டேய், ஒக்காரு. நான் சொல்லச் சொல்ல எழுது."

"தொரை, எனக்கு ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். துரையின் முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் அப்படியே இருந்தது. நம்ம மண்ணு, நம்ம பெயிண்டர்.

"என்னா?" என்றார் துரை.

"பிரஷ்ல எழுதவா தொரை, பேனையில எழுதவா?"

சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

'நான், பிலோமினா ஆகிய நான்' என்று தொடங்கியது. 'களவாய் எடுத்த' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எழுத்துத் தெரியவில்லை என்று நினைத்துக் கிளாக்கர் ஐயா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். க, ள, வா, ய். நான் பொறுமையாக, கொம்பும் சுழியும் பிசகாமல் எழுதினேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"அவளுக்கு வாசிச்சுக் காட்டுறா" என்றார் கிளாக்கர் ஐயா.

வாசித்தேன். நான் திருடினேன், என் குற்றம், என்னை மன்னிக்க வேண்டும். எல்லாம் நான் நான் என்றுதான் இருந்தது. என் வாயால், என் களவை, அவர் பெயரில். வாசித்து முடிக்கிறவரைக்கும் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எங்காவது நிறுத்துவேன் என்று நினைத்திருப்பார். முற்றுப்புள்ளி வரைக்கும் போனேன்.

தலைவர், "வெச்சிரும்மா. புள்ளைக்காக வெச்சிரு" என்றார்.

அக்கா மை தடவி, பெருவிரலை வைத்தார். வைத்துவிட்டுச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"எழுத்து ரொம்ப அழகா இருக்குங்க, பெயிண்டரய்யா."

அன்றிலிருந்து இன்றுவரைக்கும் நான் அவருக்குப் பெயிண்டரய்யா. வாங்க, போங்க. என் மகள் கல்யாணத்துக்கு வந்து, "நல்லா இருக்கீங்களா பெயிண்டரய்யா" என்று கேட்டார். என் சம்சாரம் பூரித்துப்போய், "பாருங்க, ஒங்களுக்கு அந்தக்கா எவ்வளவு மரியாத குடுக்குறாங்க" என்றாள்.

அக்கா அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மலையில் கொழுந்து எடுத்தார். நாற்பது வயதில் புதிதாகக் கூடை தூக்கியவர். மழையிலும் அட்டையிலும். தூள் ரகம் பார்த்த விரல்கள் வெடித்து, அதில் கறை ஏறிக் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். நான் செக்ரோலில் பெயிண்டரானேன். துரை மாற்றலாகிப் போனபோது படத்தையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குள் தூள் சாயம் விட்டு, பனிக்கு விட்டிருந்த வெள்ளையெல்லாம் பழுப்பாகியிருந்தது. கேட்டவர்களுக்குச் சாயங்கால வெளிச்சம் என்று சொன்னேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டேனே தவிர, அச்சுக்கு அனுப்பவில்லை. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஊரெல்லாம் வாசித்த பிறகு யாரோ ஒருவர் அவருக்குச் சொல்வது சரியில்லை. நானே வாசித்துக் காட்டுகிறேன், வீட்டுக்கு வாங்க என்று நேற்று சொல்லி அனுப்பினேன். அவர் வேண்டாம் என்றால், நான் காட்டுப் பன்றிக்குப் பயந்து பங்களா நாயின் கூட்டுக்குள் படுத்த கதையை இந்தப் பக்கத்தில் போடும்படி ஆசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கும் மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல். துரையிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் எங்களைத் தோட்டத்தை விட்டே அனுப்பியிருப்பார்கள், என் இடத்தில் யார் இருந்திருந்தாலும் அப்படித்தான்...

"பெயிண்டரய்யா! வீட்ல இருக்கீங்களா? வரச் சொன்னீங்களாமே?"